எலி ஈரலோட ஒரு பிஎச்டி

கொழிஞ்சாம்பாறைல இருந்து வேலந்தாவளம் வழியா உக்கடம் போற பஸ்லயே என் பிஎச்டி பாதி ஓடிருச்சுங்க. செல்லுக்குள்ள சாப்பாட்ட சக்தியா மாத்தற மைட்டோகாண்ட்ரியால பிஎச்டி பண்ணலாமான்னு ஊர்ப் பசங்க கேட்டுட்டே இருக்காங்க, அதான் எழுதறேன்.

கோர்ஸ் ஒர்க், டாக்டரல் கமிட்டி எல்லாம் எல்லா சப்ஜெக்டுக்கும் ஒண்ணுதான், விடுங்க. நம்மள நிறுத்தி வெக்கறது அனிமல் எதிக்ஸ் கமிட்டி. எத்தன எலி, ஏன் அத்தன, செல் லைன்ல பண்ண முடியாதான்னு கேப்பாங்க, அப்ரூவல் வராம ஒரு எலியத் தொடக்கூடாது. டாபிக் முடிவானவொடனே அந்த ஃபார்ம எழுத உக்காந்துருங்க. ஃபெலோஷிப் லேட்டாத்தான் வரும், பஸ் காசு கைல இருக்கட்டும்.

எனக்கு சுகர் வந்த எலியோட ஈரல். எக்ஸ்பெரிமெண்ட்டுக்கு முந்தின ராத்திரியே தீனிய எடுத்துரணும், இல்லன்னா ஈரல்ல சேமிச்சு வெச்ச சர்க்கரை, அதான் கிளைகோஜன், சுத்துனப்பறம் அடியில படியற பெல்லட்டோட சேந்து வந்து உக்காந்துக்கும். ஈரல எடுத்த கையோட ஐஸ்ல இருக்கற சுக்ரோஸ் பஃபர்ல போட்டு ரத்தம் போக அலசி, பொடிசா நறுக்கி, டெஃப்லான் ஹோமோஜினைசர்ல மெதுவா அரைக்கணும். பஃபர்ல கால்சியத்தப் புடிச்சு வெக்கற ஈஜிடிஏ கட்டாயம், கால்சியம் ஏறுச்சுன்னா மைட்டோகாண்ட்ரியா ஊதி வீணாப் போயிரும். சென்ட்ரிஃபியூஜ்ல 600 ஜில, அதாவது புவியீர்ப்பு மாதிரி 600 மடங்கு விசைல, சுத்துனா நியூக்ளியஸும் ஒடையாத செல்லும் கீழ போயிரும், மேல நிக்கறத எடுத்து 10,000 ஜில சுத்துனா அடியில பழுப்பா மைட்டோகாண்ட்ரியா பெல்லட், அதுக்கு மேல வெள்ளையா ஒரு படலம், அத நைசா பிப்பெட்டால எடுத்துட்டு மிச்சத்த வெச்சுக்கணும். அதுக்கப்பறம் சில மணி நேரந்தான் உசுரு. கடைசி பஸ்ஸ பத்தியெல்லாம் அதுக்குக் கவலையில்ல.

ப்ரெப் நல்லாருக்கான்னு ஆக்சிஜன் அளக்கற கிளார்க் எலெக்ட்ரோடு சொல்லிரும். எரிபொருளா சக்சினேட் குடுத்துட்டு, செல்லுக்குச் சக்தி தர்ற ஏடிபியா மாற வேண்டிய அடினோசின் டைபாஸ்பேட் ஊத்துனதும் ஆக்சிஜன் கோடு சட்டுன்னு செங்குத்தா எறங்கும், அது தீந்ததும் திரும்ப மெதுவாகும். ரெண்டு வேகத்துக்கும் உள்ள விகிதம் 4க்குக் கீழ வந்தா அன்னைக்கு டேட்டா எடுக்கவே மாட்டேன், கைடு மொகம் சுளிச்சாலும் சரி. சுகர் மாத்திரை மெட்ஃபார்மின் என்ன பண்ணுதுன்னு பாக்கறவங்க, காம்ப்ளெக்ஸ் ஒன்னு வழியாப் போற குளுட்டமேட்-மாலேட்டும் ஓட்டுங்க, மெட்ஃபார்மின் தடுக்கறது உள்சவ்வுல இருக்கற அந்த என்சைமத்தான், சக்சினேட் காம்ப்ளெக்ஸ் ரெண்டு வழியா பூந்து போயிரும்.

ஏடிபி எப்படி வருதுன்னு அப்பாவுக்கு, எங்கூருப் பக்கம் ஆத்துத் தண்ணியத் தேக்கி வாய்க்கால்ல விடற மூலத்தரா ரெகுலேட்டர வெச்சுத்தான் புரியவெச்சேன். ஆளியாத்துத் தண்ணி கட்டி நின்னு வாய்க்கால்ல வந்தாத்தான் வயலுக்கு, கரை ஒடஞ்சா தண்ணி வேகமாத்தான் போகும், நெல்லு வெளையாது. மைட்டோகாண்ட்ரியாவோட உள்சவ்வுக்கு வெளிய புரோட்டான் அப்படித்தான் கட்டி நிக்குது, அதுக்குன்னு இருக்கற வழியா உள்ள வந்தாத்தான் ஏடிபி. பீட்டர் மிட்செல்ங்கற பிரிட்டிஷ் சயின்டிஸ்ட் 1961ல இத சொன்னப்ப நெறைய பேர் ஏத்துக்கல, 1978ல நோபலே குடுத்தாங்க. கரைய ஒடைக்கற வேலைய டிஎன்பிங்கற கெமிக்கல் (டைநைட்ரோபீனால்) செய்யும், ஆக்சிஜன் செலவாகும், ஏடிபி வராது, எல்லாம் சூடாப் போயிரும். 1930கள்ல அத உடம்பு இளைக்க மாத்திரையா சாப்ட்டு ஆளுங்க செத்தே போனாங்க. "அட, இதயெல்லாமா வித்தாங்க"ன்னாரு அப்பா.

தீசிஸ் எழுதறது, ப்ளேஜியரிசம் செக், பைண்டிங், அதெல்லாம் ஓடிரும். வைவால வெளிய இருந்து வந்த எக்ஸாமினர் ஒரே எடத்துல புடிச்சாரு, ஈரல மைனஸ் 80ல போட்டு வெச்சு சௌகரியமா பண்ணிருக்கலாமேன்னு. காம்ப்ளெக்ஸ் ஒண்ணொண்ணோட என்சைம் ஆக்டிவிட்டி மட்டும்னா பண்ணலாம் சார், ஒறஞ்சு உருகுனா சவ்வு கிழிஞ்சிரும், ஆக்சிஜன் செலவையும் ஏடிபி உற்பத்தியையும் சேத்துக் கட்டற கப்ளிங் போயிரும், நான் அளக்க வந்ததே அதத்தானேன்னேன். விகிதம் இருக்கற டேபிள எடுக்கச் சொல்லி ஒவ்வொரு வரியா பாத்துட்டு, அடுத்த சாப்டருக்குப் போயிட்டாரு.