கரண்டும் நெருப்பில்தானே?

விறகு நெருப்பில் ஓடிய சில்லரை, அதாவது தண்ணீரைக் குளிர்விக்கும் இயந்திரத்தை, நிறுத்திவிட்டு மின்சாரத்தில் ஓடும் சில்லருக்கு மாறலாம் என்றேன். "கரண்டும் நெருப்பில்தானே சார் வருகிறது?" என்று ஆபரேட்டர் அண்ணன் கேட்டபோது, "கணக்கு வேறு அண்ணா" என்று மட்டும் சொன்னேன். கணக்கு வேறுதான். இன்றைக்கும் அதை மாற்றிச் சொல்ல மாட்டேன்.

மின்வெட்டுக் காலத்தில் ஜெனரேட்டரின் புகை வெப்பத்தில் நீராவி எடுத்து அந்தச் சில்லரை ஓட்டினோம்; அப்சார்ப்ஷன் சில்லர் என்பார்கள். மின்சாரம் சீரானதும் ஜெனரேட்டர் நின்றது. சில்லருக்காகவே பாய்லரில் விறகு போட ஆரம்பித்தோம். அதுதான் எனக்கு உறுத்தியது.

அந்த இயந்திரத்தில் கம்ப்ரசர் கிடையாது. காற்றை வெளியேற்றிய கலனுக்குள் அழுத்தம் 6, 7 மில்லிமீட்டர் பாதரசம்தான். அங்கே தண்ணீர் 5 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். அதற்கான வெப்பத்தைக் குழாயில் ஓடும் நீரிடமிருந்து பிடுங்கிக்கொள்வதால் அந்த நீர் குளிர்கிறது. எழும் ஆவியை லித்தியம் புரோமைடு என்ற உப்பின் கரைசல் குடித்துவிடும். குடித்து நீர்த்துப்போன உப்புக்கு மறுபடி தாகம் எடுக்க வைப்பதுதான் நெருப்பின் வேலை.

எங்களுடையது வெப்பத்தை ஒரே முறை மட்டும் பயன்படுத்தும் ஒற்றை நிலை இயந்திரம். ஒரு பங்கு வெப்பத்துக்கு ஏறக்குறைய 0.7 பங்கு குளிர். அனல்மின் நிலையத்தில் மூன்றில் இரண்டு பங்கு வீணானாலும், மிச்ச மின்சாரத்தை நல்ல மின் சில்லர் ஐந்து மடங்கு குளிராக்கும், அதாவது 1.6 பங்குக்கு மேல். அண்ணன் சொன்ன நெருப்பையும் சேர்த்தே பார்த்தாலும் நான்தான் ஜெயிக்கிறேன். நிறுத்தலாம் என்று எழுதிக் கொடுத்தேன்.

ஆனால் முதலாளி காசு கொடுப்பது நிலக்கரிக்கு அல்ல, யூனிட்டுக்கு. விறகு மலிவாகக் கிடைத்த மாதங்களில் வித்தியாசம் அப்படியொன்றும் பெரிதில்லை. அதையும் அறிக்கையில் ஒரு வரி வைத்தேன். யாரும் படித்திருக்க மாட்டார்கள்.

அண்ணன் கேட்டது கணக்கே இல்லையோ என்று இப்போது தோன்றுகிறது. சும்மா நிற்கும் இயந்திரத்தில் எந்த இடுக்கிலாவது காற்று புகும். காற்று கலந்த கரைசல் இரும்பை அரிக்கும். நைட்ரஜன் நிரப்பி வைக்கலாம் என்றேன். நிரப்பினார்கள். அதன் அழுத்தத்தை யார் பார்ப்பது என்பது முடிவாகவில்லை. கடைசியாக நிறுத்தியபோதும், உப்பு கட்டிதட்டிவிடக் கூடாதென்று நீராவி வால்வை மூடிவிட்டுப் பம்புகளை ஓடவிட்டபடி அண்ணன் பக்கத்திலேயே நின்றார். பிறகு அவரை வேறு பிரிவுக்கு மாற்றினார்கள்.

மின் சில்லருக்குத் தனி ஆள் வேண்டாம் என்பதும் என் அறிக்கையில் ஒரு லாபம். அந்த வரியை எழுதாமல் விட்டிருக்கலாமா? விட்டிருந்தால் கணக்கு முழுமையாக இருந்திருக்காது.