அப்ரோச்சுக்கு அனுமதி கிடைத்துவிட்டது, எந்த உயரத்துக்கு இறங்கலாம்?

நான் கலிஃபோர்னியாவில், சான் ஹோசே பக்கம் வசிக்கிறேன். சிறு விமானம் ஓட்டும் தனியார் விமானி உரிமம் சில வருடங்களாகவே என்னிடம் இருக்கிறது. ஆனால் அது மேகத்துக்குள் நுழைய உதவாது. கோடைக் காலைகளில் பசிபிக் கடலிலிருந்து தாழ்வான மேகம் உள்ளே வந்து பள்ளத்தாக்குகளை மூடிக்கொள்ளும். அதற்கு மேலே 2,000 அடியில் பளீரென்று வெயில் அடிக்கும். அந்த மெல்லிய போர்வையைத் தாண்ட அனுமதி இல்லாமல், விமானத்தின் அருகே நின்று மேகம் கலையட்டும் என்று எத்தனையோ சனிக்கிழமைகள் காத்திருந்திருக்கிறேன். அதனால்தான் கருவிகளை மட்டும் பார்த்து மேகத்துக்குள் பறக்க அனுமதிக்கும் இன்ஸ்ட்ருமெண்ட் ரேட்டிங் எடுப்பது என்று முடிவு செய்தேன்.

அமெரிக்க விதிப்படி இதற்கு வேண்டியவை: பொறுப்பு விமானியாக 50 மணி நேரத் தொலைதூரப் பயணம், கருவிகளை மட்டும் பார்த்து 40 மணி நேரம், அதில் 15 மணி தகுதி பெற்ற பயிற்சியாளருடன், மூன்று வகை அப்ரோச்சுகளுடன் (கருவிகளின் துணையோடு ஓடுபாதையை நோக்கி இறங்கும் வரையறுத்த வழிகள்) 250 கடல் மைல் பயணம் ஒன்று, 60 கேள்விகள் கொண்ட எழுத்துத் தேர்வு. எழுத்துத் தேர்வில் 70 சதவீதம் எடுத்தால் போதும். அது மனப்பாடத்துக்கு மடங்கிவிடும்.

உடம்பு மடங்கவில்லை. பயிற்சியில் பெரும்பாலும் வெளியே தெரியாதபடி மறைக்கும் கண்ணாடி போட்டுக்கொண்டுதான் ஓட்டுவோம். ஆனாலும் அதன் ஓரத்தில் வெயில் அசைவது தெரியும். அந்தச் சிறு வெளிச்சமே மூளைக்குத் திசை சொல்லிவிடும். நிஜ மேகத்துக்குள் முதன்முறை நுழைந்தபோது அது போய்விட்டது. எல்லாப் பக்கமும் ஒரே சாம்பல் நிறம். இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது, விமானம் வலப்பக்கம் சாய்ந்துகொண்டே போகிறது என்று என் உடம்பு அடித்துச் சொன்னது. செயற்கை அடிவானக் கருவியோ அசையாமல் நேராக நின்றது. என் இடது கை தானாகவே திருப்பத் தொடங்கியிருந்தது. பயிற்சியாளர் கருவியின் கண்ணாடியை விரலால் இரண்டு முறை தட்டினார், ஒன்றும் பேசவில்லை. 1954இல் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில், கருவிப் பயிற்சி இல்லாத 20 பேரை இப்படிப்பட்ட சூழலில் ஓட்டவைத்துச் சோதித்தார்கள். ஒருவர் தவறாமல் அனைவரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள், சராசரியாக 178 விநாடிகளில். அந்த எண்ணை முன்பே படித்திருந்தேன். அன்றுதான் அது என் எண்ணாகவும் இருந்திருக்கும் என்று உறைத்தது.

பிறகு கேள்விகள் வந்தன. ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்தேன். மாற்று விமான நிலையம் எப்போது குறிப்பிட வேண்டும்? போய்ச்சேரும் நேரத்துக்கு ஒரு மணி முன்னும் பின்னும், மேகத்தளம் 2,000 அடியும் பார்வைத்தூரம் 3 மைலும் இருக்கும் என்று வானிலை முன்னறிவிப்பு சொன்னால் தேவையில்லை, குறைந்தால் தேவை. எரிபொருள் எவ்வளவு? இலக்குக்கு, மாற்று தேவையென்றால் அங்கும் போக, அதற்கு மேல் 45 நிமிடம். விதி கேட்பது அவ்வளவுதான். நான் ஒரு மணி நேரத்துக்கு வைத்துக்கொள்கிறேன்.

ரேடியோ செத்துவிட்டால் என்ன செய்வது என்பதைப் பலரும் அரைகுறையாகத்தான் படிக்கிறார்கள். பாதைக்கு ஒரு வரிசை, உயரத்துக்கு ஒரு வரிசை என்று ஒப்பிக்கிறார்கள். அதற்கும் முந்தைய வாக்கியத்தை விட்டுவிடுகிறார்கள்: வெளியே பார்த்து ஓட்டக்கூடிய வானிலை கிடைத்தால் அப்படியே தொடர்ந்து, முடிந்த சீக்கிரம் தரையிறங்கு. மேகத்திலேயே மாட்டிக்கொண்டால்தான் மற்றவை. அப்போது ஒவ்வொரு கட்டத்திலும் தரையிலிருந்து வழிநடத்தும் கட்டுப்பாட்டாளர் கடைசியாகக் கொடுத்த உயரம், எதிர்பார்க்கச் சொன்ன உயரம், அந்தப் பாதையின் குறைந்தபட்ச உயரம் ஆகிய மூன்றில் எது அதிகமோ அதில் பறக்க வேண்டும். மூன்றில் உயர்ந்தது என்று ஏன் வைத்தார்கள் என யோசித்தால் மறக்கவே மறக்காது. கீழே மலை இருக்கிறது.

அந்த மலையை நான் ஒருமுறை மறந்தேன். வாய்மொழித் தேர்வுக்கு ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. பயிற்சியாளர் ஒரு அப்ரோச் வரைபடத்தை மேசையில் விரித்து, "விமான நிலையத்துக்கு 40 மைல் தூரத்தில் இருக்கிறீர்கள். வரைபடத்தில் இல்லாத பாதையில், 7,000 அடியில். கட்டுப்பாட்டாளர் அப்ரோச்சுக்கு அனுமதி தந்துவிட்டார். எவ்வளவு உயரத்துக்கு இறங்குவீர்கள்?" என்று கேட்டார். இறங்கும் உயரங்களைக் காட்டும் பக்கவாட்டுப் படத்தில் இருந்த முதல் எண்ணின் மேல் விரலை வைத்தேன். அவர் வரைபடத்தை மடித்தார். "வீட்டுக்குப் போய் 1974 டிசம்பர் 1ஐப் படித்துவிட்டு வாருங்கள்" என்றார்.

படித்தேன். டிடபிள்யூஏ என்ற அமெரிக்க விமான நிறுவனத்தின் 514ஆம் விமானம், போயிங் 727. பலத்த காற்றால் வாஷிங்டன் நேஷனல் விமான நிலையத்தில் இறங்க முடியாமல், அதே நகருக்கான டலஸ் (Dulles) விமான நிலையத்துக்குத் திருப்பிவிடப்பட்டது. ஓடுபாதைக்கு 44 மைல் இருக்கும்போது, 7,000 அடியில், அப்ரோச்சுக்கு அனுமதி கிடைத்தது. கட்டுப்பாட்டாளர் உயரம் எதுவும் சொல்லவில்லை. பாதையில் தடை இருந்தால் சொல்லியிருப்பார்கள் என்று விமானிகள் நினைத்தார்கள். விமானி பார்த்துக்கொள்வார் என்று தரையில் நினைத்தார்கள். பக்கவாட்டுப் படத்தில் இருந்த 1,800 அடியை நோக்கி இறங்கினார்கள். வர்ஜீனியாவின் மவுண்ட் வெதர் மலையில் மோதி, விமானத்தில் இருந்த 92 பேரும் இறந்தார்கள். நான் விரல் வைத்த இடமும் அவர்கள் நம்பிய இடமும் ஒன்றே. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அந்த விபத்துக்குப் பிறகுதான் விதி தெளிவாக எழுதப்பட்டது. வரைபடத்தில் உள்ள பாதைக்கு வந்து சேரும்வரை கடைசியாகக் கொடுத்த உயரத்தை விடக்கூடாது. கட்டுப்பாட்டாளர்களும் அப்ரோச் அனுமதியோடு "பாதையில் சேரும்வரை இத்தனை அடியில் இருக்கவும்" என்று சேர்த்தே சொல்கிறார்கள். பயிற்சி எடுப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: நோட்டில் பதிலை மட்டும் எழுதாதீர்கள், அந்த விதி எந்த நாளில் பிறந்தது என்பதையும் தேடி எழுதுங்கள். என் நோட்டின் பிற்பாதி முழுக்கத் தேதிகள்.

தேர்வு நாளில் அதே கேள்வி வேறு வரைபடத்தோடு வந்தது. பதில் சொல்லி, காரணமும் சொன்னேன். தேர்வாளர் தலையசைத்துவிட்டு அடுத்ததற்குப் போனார். பறக்கும் பகுதியில் ஹோல்டிங்குக்குள், அதாவது ஓரிடத்தில் சுற்றிக்கொண்டே காத்திருக்கும் வட்டத்துக்குள், நுழையும்போது கொஞ்சம் தடுமாறினேன். காற்றைக் கணக்கில் எடுத்துத் திருத்திக்கொள்ள இன்னொரு சுற்று தேவைப்பட்டது. தேறிவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து, தனியாக, சலினாஸ் விமான நிலையத்துக்கு. பள்ளத்தாக்கை மேகம் நிரப்பியிருந்தது. ஒரு பக்கம் கபிலான் மலைகளும் மறுபக்கம் சாண்டா லூசியா மலைகளும் வெயிலில் தலையை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. 31ஆம் ஓடுபாதைக்கு அப்ரோச் கேட்டேன். கட்டுப்பாட்டாளர் திசையைச் சொன்னார், பாதையில் சேரும்வரை இருக்க வேண்டிய உயரத்தைச் சொன்னார், கடைசியில் அனுமதியைச் சொன்னார். மூன்றையும் திருப்பிச் சொன்னேன். உயரத்தை மட்டும் தொடையில் கட்டியிருந்த தாளில் எழுதி வட்டமிட்டேன். பாதையைக் காட்டும் பக்கவாட்டு ஊசி நகரத் தொடங்கி நடுவுக்கு வந்து நின்றது. அதுவரை ஓர் அடிகூட இறங்கவில்லை. பிறகு பவரைக் குறைத்தேன். மேகம் கண்ணாடியை மூடிக்கொண்டது.