பட்டியலிடும் கருவிக்கு எழுதிய விளக்கம்

கோத்தகிரிக்கு அருகில், சிறு விவசாயிகளிடம் பசுந்தேயிலை கொள்முதல் செய்யும் ஒரு தொழிற்சாலையின் கணினிப் பணிகளைக் கவனித்து வருகிறேன். சேகரிப்பு மையங்களில் எடை போடப்படும் இலையின் கணக்கு, விவசாயிகளுக்குச் சேர வேண்டிய தொகை, தொழிலாளர் வருகைப் பதிவு ஆகியவை போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தள மென்பொருள் இயங்கும் ஒரே சர்வரில் தனித்தனித் தரவுத்தளங்களாக உள்ளன. அவற்றைப் படித்து அலுவலகத்தாரின் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் ஏஐ முகவர் ஒன்றை இந்த மழைக்காலத்தில் அமைத்தோம். அது அழைத்துப் பயன்படுத்தும்படி தந்த கருவிகளில், அதாவது சிறு நிரல்களில், மிக எளியது, சர்வரிலுள்ள தரவுத்தளங்களைப் பட்டியலிடும் கருவி. ஆனால் அதற்கு விளக்கம் எழுதத்தான் மற்ற எல்லாவற்றையும் விட அதிக நாட்கள் பிடித்தன.

2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் வெளியிட்ட, ஏஐ மாடல்களை வெளிக் கருவிகளோடு இணைப்பதற்கான மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால் முறையில், ஒரு கருவியின் பெயர், விளக்கம், அதற்கு என்னென்ன தகவல் தர வேண்டும் என்று ஜேசன் ஸ்கீமா வடிவில் சொல்லும் உள்ளீட்டு வரையறை ஆகியவற்றைக் கொண்டே முகவர் அதை அறிந்துகொள்கிறது. உள்ளே இருக்கும் நிரல் அதன் பார்வைக்கு வருவதில்லை. இலை ஏற்றும் லாரிக்குப் புதிதாக வரும் ஓட்டுநரிடம் வழியைப் பாதி சொல்லி அனுப்பினாலும், மீதியை அரவேணு டீக்கடையில் கேட்டுத் தெரிந்துகொள்வார். முகவருக்கு அப்படிக் கேட்க ஆளில்லாதபோது, விடுபட்ட இடத்தைத் தன் ஊகத்தாலேயே நிரப்பிக்கொள்கிறது. முதலில் நான் எழுதிய விளக்கம் "தரவுத்தளங்களைப் பட்டியலிடும்" என்ற இரண்டு சொற்கள்தாம்.

அதன் விளைவு விரைவில் தெரிந்தது. ஒவ்வொரு தரவுத்தளத்தின் அளவையும் சேர்த்துக் காட்டினால் நல்லது என்று எண்ணி, அளவைக் கணக்கிடும் செயற்கூற்றையும், கருவி சர்வருக்கு அனுப்பும் வினவலில் சேர்த்திருந்தேன். போஸ்ட்கிரெஸில் தரவுத்தளங்களின் பெயர்கள் எல்லாப் பயனருக்கும் தெரியும். ஆனால் ஒன்றின் அளவைக் கேட்க, அதனுடன் இணையும் உரிமையோ புள்ளிவிவரங்களைப் படிக்கும் தனி உரிமையோ வேண்டும். பணப் பட்டுவாடா தரவுத்தளத்துக்கு முகவரின் பயனருக்கு அவ்வுரிமையை நாங்கள் தரவில்லை. அந்த ஒன்றுக்காக முழு வினவலும் பிழையில் முடிந்தது. என் நிரலோ அப்பிழையை விழுங்கிவிட்டு வெற்றுப் பட்டியலைத் திருப்பி அனுப்பியது. சர்வரில் தரவுத்தளமே இல்லை என்று முகவர் அலுவலகத்துக்குப் பதில் சொன்னது. பட்டியல் வெறுமையாக வருவதும் பட்டியலைப் பெற முடியாமல் போவதும் வேறு வேறு என்பதை நிரலும் சொல்லவில்லை, விளக்கமும் சொல்லவில்லை. இப்போது உரிமை இல்லாத இடத்தில் அளவுக்குப் பதிலாக "அனுமதி இல்லை" என்று வருகிறது. அதன் பொருளும் விளக்கத்தில் இருக்கிறது.

போஸ்ட்கிரெஸ் தானாகவே வைத்திருக்கும் டெம்ப்ளேட்0, டெம்ப்ளேட்1 என்னும் இரண்டு தரவுத்தளங்களையும் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டேன். அவை புதிய தரவுத்தளம் உருவாக்குவதற்கான அச்சுகள், முகவருக்கு அவற்றில் வேலையில்லை. நீக்கியிருக்கிறேன் என்பதையும் எழுதினேன். இல்லையேல் வேறொரு வழியில் அவற்றைக் காணும்போது, இந்தப் பட்டியல் குறைபட்டது என்று அது முடிவுகட்டக்கூடும்.

இந்த வேலையில் எனக்கு உறுதிப்பட்டது, கருவி எதைச் செய்யாது என்னும் வாக்கியமே முகவருக்கு மிகுதியும் உதவுகிறது என்பதுதான். இக்கருவி தரவுத்தளத்தின் உள்ளே தரவு இருக்கும் அட்டவணைகளைக் காட்டாது. போஸ்ட்கிரெஸில் ஓர் இணைப்பு ஒரு தரவுத்தளத்துக்கே உரியது என்பதால், அட்டவணைகளைக் காண அந்தத் தரவுத்தளத்தின் பெயரைத் தந்து அடுத்த கருவியை அழைக்க வேண்டும். பெயர் பட்டியலில் இருப்பதால் மட்டும் அதைத் திறக்க முடியும் என்று கொள்ளக் கூடாது. இவை மூன்றையும் சேர்த்த பிறகு, முகவர் வீணாகச் செய்து வந்த அழைப்புகள் கண்கூடாகக் குறைந்தன. வாசிப்புக்கு மட்டும் என்று கருவியைக் குறிக்கும் வசதியும் மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகாலில் உண்டு. அது ஒரு குறிப்பே தவிரப் பூட்டு அல்ல. ஆகவே எழுதும் உரிமையைச் சர்வரிலேயே மறுத்துவிட்டேன்.

இத்தனைக்குப் பிறகும் ஒரு குழப்பம் எஞ்சியது. பட்டியலில் "லீஃப்", "லீஃப்_நியூ" என இரண்டு தரவுத்தளப் பெயர்கள் இருந்தன. இந்த மாதக் கொள்முதலைக் கேட்டால், புதியது என்ற பொருள் தரும் பெயரையே முகவர் தேர்ந்தெடுத்தது. கணக்குப் பிரிவு அக்காவிடம் விசாரித்தபோது, "அது பயிற்சிக்கு வெச்சது தம்பி, அதுல இருக்கிற எடை எல்லாம் நாங்களா போட்டது" என்றார். தரவுத்தளத்தோடு ஒரு கருத்துரையைச் சேர்த்து வைக்கும் வசதி போஸ்ட்கிரெஸிலேயே இருக்கிறது. அவர் சொன்னதை அப்படியே கருத்துரையாக எழுதி, பட்டியலில் பெயருக்குப் பக்கத்தில் அது வருமாறு செய்தேன். மற்றவற்றுக்கும் அன்று மாலையே அவருடன் அமர்ந்து ஒவ்வொன்றாக எழுதினோம். ஒன்றைப் பற்றி மட்டும் அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. அதற்கு நேராக, "பயன்பாடு தெரியவில்லை, அலுவலகத்தைக் கேட்காமல் இதிலிருந்து பதில் சொல்ல வேண்டாம்" என்று எழுதி வைத்திருக்கிறோம்.