ஐகன் மதிப்பில் போன அரைமணி நேரம்: பொறியியல் கணிதத்தை இரண்டாம் முறை எழுதித் தேறிய அனுபவம்

நேற்று ரிசல்ட் வந்தது. பொறியியல் கணிதத்தில் தேறிவிட்டேன். நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கிய சூட்டோடு எழுதுகிறேன். சில இடங்களில் அழுத்திச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் முறை நான் படிக்காமல் தோற்கவில்லை. என்னைக் கவிழ்த்தது ஒரே ஒரு குறி. கேள்வி, ஒரு 3×3 சமச்சீர் அணியின் ஐகன் மதிப்புகளைக் கண்டுபிடிப்பது. அணியால் பெருக்கினால் சில வெக்டர்கள் (ஐகன் வெக்டர்கள்) வெறும் ஓர் எண் மடங்காக மட்டுமே மாறும், அந்த எண்தான் ஐகன் மதிப்பு. வரிசைகள் (8, −6, 2), (−6, 7, −4), (2, −4, 3). மூலைவிட்டக் கூடுதல் 18. மூன்றாம் வரிசை வழியே விரித்ததில் அணிக்கோவை சரியாக 0 வந்தது. ஆனால் சிற்றணிக்கோவைகளைக் கூட்டும்போது, 21 − 16 என்று வரவேண்டியதை 21 + 16 என்று எழுதிவிட்டேன். சிறப்பியல்புச் சமன்பாட்டில் (ஐகன் மதிப்புகளைத் தரும் சமன்பாடு) 45 இருக்கவேண்டிய இடத்தில் 77 வந்து உட்கார்ந்தது. கொடுமை என்னவென்றால், அதுவும் அழகாகக் காரணிப்பட்டது: ஐகன் மதிப்புகள் 0, 7, 11. கூட்டினால் 18, பெருக்கினால் 0. எல்லோரும் சொல்லித்தரும் இரண்டு சோதனையும் பொருந்தியதால் அப்படியே நம்பிவிட்டேன். அப்புறம் 7-க்கு ஐகன் வெக்டர் தேடினால் பூஜ்ய வெக்டர்தான் வருகிறது. வரிசைச் சுருக்கத்தை மூன்று முறை திரும்பச் செய்தேன். அரைமணி நேரம் போய்விட்டது. ஃபூரியர் கேள்வியைத் (ஒரு சார்பை சைன், கொசைன்களின் தொடராக எழுதுவது) தொடவே முடியவில்லை.

பூஜ்ய வெக்டர் மட்டும் வந்தால் ஐகன் மதிப்புதான் தப்பு. வெக்டரைத் திரும்பப் போடாதீர்கள், மேலே போய்ப் பாருங்கள்.

இன்னொன்று. சமச்சீர் அணியின் ஒன்பது உறுப்புகளையும் வர்க்கப்படுத்திக் கூட்டினால், அது ஐகன் மதிப்புகளின் வர்க்கக் கூடுதலுக்குச் சமம். இங்கே 234. சரியான விடை 0, 3, 15. அவற்றின் வர்க்கக் கூடுதலும் 234. என் விடைக்கு 170. ஒரு நிமிட வேலை அது. அது தெரியாமல் ஒரு தேர்வே போனது.

அதனால் இரண்டாம் முறை ஒவ்வொரு கணக்கு வழியோடும் அதன் சோதனையையும் சேர்த்தே படித்தேன்:

- ஃபூரியர்: எக்ஸ் வர்க்கத்துக்கு −பை முதல் பை வரை தொடர் எழுதியதும் எக்ஸுக்குப் பை என்று போடுங்கள். 1 + 1/4 + 1/9 + … என்பது பை வர்க்கத்தில் ஆறில் ஒரு பங்காக வரவேண்டும்.
- லாப்லாஸ் (நேரச் சார்பை எஸ் என்ற மாறியில் மாற்றி எழுதுவது): உருமாற்றத்தை எஸ்-ஆல் பெருக்கி, எஸ்-ஐ முடிவிலிக்குக் கொண்டுபோனால் தொடக்க மதிப்பு கிடைக்கும். கேள்வியில் கொடுத்ததோடு ஒப்பிடுங்கள். இறுதி மதிப்புத் தேற்றத்தில் (அதே பெருக்கலில் எஸ்-ஐ 0-க்குக் கொண்டுபோவது) மட்டும் எச்சரிக்கை. சைனுக்குப் போட்டால் 0 என்று காட்டும், ஆனால் சைன் எங்கேயும் போய் நிற்பதில்லை.
- வகைக்கெழுச் சமன்பாடு: வலப்பக்கத்தில் இருப்பது நிரப்புச் சார்பிலும் (வலப்பக்கத்தை 0 ஆக்கினால் வரும் தீர்வு) இருந்தால் எக்ஸ்-ஆல் பெருக்கி ஊகியுங்கள். விடையைத் திரும்பப் பிரதியிடுங்கள்.
- கலப்பெண் தொகையீடு: வட்டத்தைக் கையால் வரைந்து, எந்தத் துருவம் (சார்பு முடிவிலிக்குப் போகும் புள்ளி) உள்ளே என்று புள்ளி வையுங்கள். வரையாமல் எச்சம் கணக்கிடாதீர்கள்.

ஸ்டோக்ஸ் தேற்றத்துக்கு நான் கொடுத்த நேரம் குறைவு, அதைப் பற்றி என்னிடம் பெரிதாக எதுவும் இல்லை.

நான் மெதுவாக எழுதுகிறவன். ஒரு நாளைக்கு இருபது கணக்கு போடுகிற நண்பர்களைப் பார்த்துப் பயந்ததுண்டு. எனக்கு நான்குதான் முடிந்தது. புத்தகத்தை மூடிவைத்து, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை, சோதனையோடு நான்கு. தீர்த்த கணக்கைக் கண்ணால் படித்தால் எல்லாம் புரிந்த மாதிரியே இருக்கும், வெள்ளைத்தாள் முன்னால் உட்கார்ந்தால்தான் கை எங்கே நிற்கிறது என்று தெரியும். வேகமானவர்களுக்கு வேறு வழி சரிப்படலாம். மெதுவானவர்கள் என்னை நம்பலாம்.

இம்முறையும் ஐகன் கேள்வி வந்தது, வேறு எண்களோடு. வர்க்கங்களைக் கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் வெக்டருக்குப் போனேன். ஃபூரியர் கேள்விக்கு நாற்பது நிமிடம் மீதி இருந்தது.