கேட் போட்டுவிட்டால்

2022 ஜூன் மாதம் புதுச்சேரி முத்தியால்பேட்டை வீட்டைக் காலி செய்துவிட்டுக் கடலூர் மஞ்சக்குப்பத்துக்குக் குடிவந்தோம். வேலை மட்டும் புதுச்சேரியிலேயே இருந்தது. மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். முத்தியால்பேட்டையில் இரண்டு அறைக்குப் பதினோராயிரம் கொடுத்துக்கொண்டிருந்தோம். வீட்டுக்காரர் பதிமூன்று கேட்டார். மஞ்சக்குப்பத்தில் அதைவிடப் பெரிய வீடு, கொல்லையில் ஒரு முருங்கை மரத்தோடு, ஆறாயிரத்துக்குக் கிடைத்தது. பஸ்ஸுக்கு மாதம் ஆயிரத்து ஐந்நூறு போனாலும் கையில் மிஞ்சும். கணக்குப் பார்க்கிறவன் என்பதால் ஒரு தாளில் இதையெல்லாம் எழுதி மனைவியிடம் காட்டினேன். அந்தத் தாளில் நேரத்துக்கு ஒரு பத்தி போட எனக்குத் தோன்றவே இல்லை.

கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே 22 கிலோமீட்டர் சொச்சம்தான். ஆனால் நேரடி ரயில் பாதை கிடையாது. கடலூரில் திருப்பாதிரிப்புலியூர், முதுநகர் என்று இரண்டு ஸ்டேஷன் இருக்கிறது. புதுச்சேரியிலும் ஸ்டேஷன் இருக்கிறது. ரயிலில் போக வேண்டுமென்றால் விழுப்புரம் சுற்றித்தான் போக வேண்டும். அதனால் எல்லாரும் பஸ்தான். பெண்ணையாற்றுப் பாலம், ரெட்டிச்சாவடி, முள்ளோடையில் மாநில எல்லை, கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம், மரப்பாலம் என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஏறுவார்கள், இறங்குவார்கள். தவளக்குப்பம் தாண்டினால் படிக்கட்டிலும் இடம் இருக்காது.

எல்லாவற்றையும் தாண்டிப் புதுச்சேரிக்குள் நுழையும் இடத்தில் ஏ.எஃப்.டி. (ஆங்கிலோ பிரெஞ்சு டெக்ஸ்டைல்ஸ்) மில் ரயில்வே கேட். கேட் போட்டுவிட்டால் அவ்வளவுதான். டிரைவர் இன்ஜினை நிறுத்துவார். பாட்டும் நின்றுபோகும். அந்த அமைதியில் முன்சீட்டுப் பெண்கள் கைப்பேசியில் மணி பார்ப்பதும், ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதும் தெரியும். இரண்டு மூன்று பேர் இறங்கி, கேட்டைத் தாண்டி நடக்கத் தொடங்குவார்கள். அவர்களைப் பார்த்து இன்னும் நாலு பேர். நானும் பலநாள் நடந்திருக்கிறேன். பஸ் ஸ்டாண்டு வரை ஓட்டமும் நடையுமாகப் போய், அங்கே டெம்போ பிடித்து, மேட்டுப்பாளையம் சேரும்போது மணி ஒன்பது ஐந்து.

எங்கள் கம்பெனியில் மூன்று நாள் தாமதம் என்றால் அரைநாள் சம்பளம் பிடித்துவிடுவார்கள். ஐந்து நிமிஷமோ ஐம்பது நிமிஷமோ, கணக்கு ஒன்றுதான். அந்தப் பிடித்தத்தைச் சம்பளப் பட்டியலில் ஏற்றுவது என் வேலை. என் பெயருக்கு நேராக நானே ஏற்றியிருக்கிறேன்.

ஏழு மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பினால் திரும்பி வரும்போது எட்டாகிவிடும். எட்டரை மணி நேர வேலைக்குப் பதின்மூன்று மணி நேரம். காலையில் நான் புறப்படும்போது மகள் பல் தேய்த்துக்கொண்டிருப்பாள், இரவில் வரும்போது வீட்டுப்பாடத்தை முடித்துவிட்டுத் தூக்கக் கலக்கத்தில் இருப்பாள். இங்கே அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பில் சேர்த்திருந்தோம். தமிழ்நாட்டில் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தால் மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத இட ஒதுக்கீடு உண்டு என்பதும் இங்கே வர ஒரு காரணம். அதற்குப் பதிலாகப் புதுச்சேரியில் குடியிருப்புச் சான்று கேட்கும் உரிமையை விட்டுக்கொடுத்தோம். எல்லை தாண்டி வீடு மாறுகிற யாரும் வாடகையோடு இதையும் சேர்த்து யோசிக்க வேண்டும். ரேஷன் கார்டு, பள்ளிக்கூடம், விடுமுறை நாள் எல்லாமே மாறும். நவம்பர் 1 புதுச்சேரி விடுதலை நாள். எனக்கு லீவு, மகளுக்குப் பள்ளிக்கூடம். அந்த ஒரு நாள்தான் அவளைப் பள்ளி வாசல் வரை கொண்டுபோய் விடுவேன்.

எங்கள் கம்பெனி ஸ்டோரில் ஒரு அண்ணன் இருக்கிறார். அவர் அப்பா ஏ.எஃப்.டி. மில்லில் நெசவுப் பிரிவில் இருந்தவர். 1898-ல் தொடங்கிய மில் அது. 2020-ல் மூடிவிட்டார்கள். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் அவர் சொன்னார்: "அப்பாவுக்குக் கடிகாரமே கிடையாது தம்பி. மில்லு சங்கு ஊதுனா சைக்கிள எடுப்பாரு. திரும்பச் சங்கு ஊதுனா அம்மா உலை வைப்பாங்க."

அன்று பஸ்ஸில் வரும்போது முழுக்க அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். 1936 ஜூலை 30-ல் புதுச்சேரி ஆலைத் தொழிலாளர்கள் பன்னிரண்டு பேர் பிரெஞ்சு அரசின் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். அந்தப் போராட்டத்துக்குப் பிறகுதான் அங்கே எட்டு மணி நேர வேலை சட்டமானது. சங்குச் சத்தம் கேட்கிற தூரத்தில் வீடு இருந்தவர்களுக்கு அந்த எட்டு மணி நேரம் உண்மையாகவே எட்டு மணி நேரம். மீதி நேரம் அவர்களுடையது. இப்போது வாடகை கட்ட முடியாமல் சங்குச் சத்தம் எட்டாத தூரத்துக்கு எங்களைப் போன்றவர்கள் போய்விட்டோம். போய்வரும் நாலரை மணி நேரத்தை யார் கணக்கிலும் எழுத முடியவில்லை. முதலாளிக்கு அது என் சொந்த நேரம். எனக்கோ, என் மகளுக்கோ அது கிடைப்பதில்லை.

இதை ஆபீஸில் பேச வேண்டும் என்று தோன்றியது அப்போதுதான். ஒன்பதுக்குப் பதிலாக ஒன்பதரைக்கு வந்து ஆறு மணிக்குப் போகிறேன் என்று மேலாளரிடம் கேட்டேன். காலையில் அந்த அரைமணி கிடைத்தால் கேட் பயமில்லாமல் வரலாம். "ஒருத்தருக்குக் குடுத்தா எல்லாரும் கேப்பாங்க" என்றார். சரி, எல்லாருமே கேட்கட்டும் என்று பட்டியல் எடுத்தேன். பாகூர், கிருமாம்பாக்கம், அரியாங்குப்பம், கடலூர் என்று தெற்கிலிருந்து வருபவர்கள் பதினான்கு பேர் இருந்தார்கள். கையெழுத்துப் போட ஒரு வாரம் தயங்கினார்கள். பேக்கிங்கில் வேலை செய்யும் கிருமாம்பாக்கத்து அக்காதான் முதலில் பேனாவை வாங்கினார். மனுவைக் கொடுத்து நாலு மாதம் பதிலே இல்லை.

அதற்குள் ஃபெஞ்சல் புயல் வந்தது. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் 48 செ.மீ. மழை. இரண்டு நாள் கழித்துச் சாத்தனூர் அணையைத் திறந்துவிட, தென்பெண்ணையில் வெள்ளம். ஆற்றோரக் குடியிருப்புகளில் தண்ணீர் புகுந்தது. மறுநாள் பாலத்துப் பக்கம் போய்ப் பார்த்தேன். இரு கரையும் தெரியாமல் செம்மண் நிறத்தில் ஆறு ஓடிக்கொண்டிருந்தது. முழு வாழைமரம் ஒன்று குலையோடு போனது. ஒரு பெரியவர், யாருடைய கொல்லையோ என்று சொல்லிவிட்டு அது மறையும் வரை பார்த்துக்கொண்டே நின்றார்.

அந்த வாரம் வர முடியாமல் போன நாட்களுக்கும் சம்பளம் பிடிக்கச் சொன்னார்கள். பிடித்தம் எழுதிய தாளை எடுத்துக்கொண்டு பதினான்கு பேரும் மேலாளர் அறைக்குப் போனோம். யாரும் சத்தம் போடவில்லை. கிருமாம்பாக்கத்து அக்கா, வீட்டுக்குள் தண்ணீர் எங்கே வரை நின்றது என்று தன் முழங்காலைத் தொட்டுக் காட்டினார். பிடித்தம் நின்றது. ஜனவரியிலிருந்து நேர மாற்றமும் வந்தது.

இப்போது ஏழரைக்குக் கிளம்புகிறேன். மகளுக்கு இரட்டைப் பின்னல். ஒரு பக்கம் அவள் அம்மா பின்னுவாள், மறுபக்கம் நான். ரிப்பனைக் கட்டி முடித்ததும் தலையை ஒருமுறை ஆட்டிப் பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் இறுக்குங்கப்பா" என்று முதுகைத் திருப்பிக்கொண்டு நிற்பாள்.