இரண்டு காதுகளுக்குள் ஆறு ஒலிபெருக்கிகள்

மயிலாப்பூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஆறு ஒலிபெருக்கிகளை வைக்க இடமில்லை என்பதால், 5.1 ஒலியை, அதாவது ஐந்து ஒலிபெருக்கிகளுக்கும் ஒரு தாழ்சுர ஒலிபெருக்கிக்கும் தனித்தனியாகப் பிரித்த ஒலியை, ஹெட்போனுக்கேற்ப மாற்றும் மென்பொருளைக் கணினியில் நிறுவிக்கொண்டேன். வலப்புறம் எழும் ஒலி வலக்காதைவிட இடக்காதை அடைய ஏறத்தாழ 0.7 மில்லிநொடி வரை தாமதமாகிறது. தலை மறைப்பதால் அதன் உயர் அதிர்வெண்கள் மங்குகின்றன. காதுமடலின் மடிப்புகளோ, ஒலி முன்னாலிருந்து வருகிறதா பின்னாலிருந்தா என்பதற்கான தடயத்தை அதில் பதிக்கின்றன. இம்மூன்றையும் அளந்து, ஒலியை அதற்கேற்ப மாற்றும் வடிகட்டியாக்கி, ஒவ்வொரு சேனலிலும், அதாவது ஒவ்வொரு ஒலிபெருக்கிக்கும் உரிய ஒலியிலும், ஏற்றுவதே இந்தச் செயலாக்கம்.

நள்ளிரவில் மழைக்காட்சி ஒன்றைக் கேட்டபோது இடி என் பிடரிக்குப் பின்னால் உருண்டது. ஹெட்போனைக் கழற்றித் திரும்பிப் பார்த்தேன், மின்விசிறி மட்டுமே சுழன்றுகொண்டிருந்தது. ஆனால் எதிரே பேசும் குரல் நெற்றிக்குள்ளேயே ஒலித்தது, ஏனெனில் அந்த வடிகட்டி என் காதை அளந்து செய்யப்பட்டதன்று. அறையின் எதிரொலியைச் சற்றே கூட்டிய பின் குரல் வெளியே நகர்ந்தது. கச்சேரிப் பதிவுகளுக்கு மட்டும் இதை அணைத்துவிடுகிறேன். மிருதங்கத்தில் தாழ்ந்த ஒலி தரும் பக்கமான தொப்பியின் நாதம் இதில் குழைந்துவிடுகிறது.