திருக்கோவில் கரையில் தேடிய நாட்கள்

2024 ஆகஸ்ட் 4, ஞாயிறு

இலங்கையின் கிழக்குக் கரையில் இருக்கும் எங்கள் ஊர் திருக்கோவிலில் இன்று ஆடி அமாவாசைத் தீர்த்தம். விடியும்போதே கரை நிரம்பிவிட்டது. சித்திர வேலாயுத சுவாமி தீர்த்தமாடி முடிய, சனமும் கடலில் இறங்கியது. நானும் அப்பாவை நினைத்து முழுகினேன்.

பதினொரு மணிபோல ஒலிபெருக்கியில் சொன்னார்கள்: மண்டூரிலிருந்து வந்த ஒருவரின் தாலிக்கொடி கடலில் போய்விட்டது, கண்டெடுத்தவர்கள் கோயிலில் ஒப்படைக்கவும். தேடிப் போனேன். அந்த அக்கா ஈரச் சேலையோடு மணலில் இருந்தார். கை கழுத்தைத் தடவுவதும் விடுவதுமாக இருந்தது. கணவர் அவருடைய செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

"எவடத்தில முழுகினீங்க அக்கா?"

"எல்லாம் தண்ணிதானே தங்கச்சி. எவடமெண்டு சொல்ல?"

கணவருக்குத் தெரிந்திருந்தது. கவிழ்த்து வைத்த நீலத் தோணிக்கு நேரே, இடுப்பளவுத் தண்ணீரில். அந்த நேருக்கு மேட்டில் ஒரு கம்பை நட்டேன். தோணியை நாளைக்கே இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்பதால், கரைக்கு மேலே நிற்கும் மொட்டைத் தென்னையிலிருந்து எத்தனை அடி என்றும் எண்ணி எழுதிக்கொண்டேன். எதைத் தேடப் போனாலும் முதல் வேலை அடையாளம் வைப்பதுதான். கண்ணிவெடி அகற்றும் வேலையில் பழகியது, இன்னும் கையை விட்டுப் போகவில்லை.

ஆகஸ்ட் 5, திங்கள்

காலை ஆறு மணிக்கே போனேன். மகனும் வந்தான். கயிறு கட்டி, ஒரு மீற்றர் அகலத்தில் பாதை பாதையாகப் பிரித்துக்கொண்டோம். அந்த நாளில் நாங்கள் இதை லேன் என்போம். ஒரு லேன் முடியாமல் அடுத்ததில் கால் வைக்கக் கூடாது. அப்போது கையில் டிடெக்டர் இருந்தது. இப்போது கொத்தனார் மணல் அரிக்கும் அரிதட்டும் ஒரு வாளியும்தான்.

டிடெக்டர் ஒன்று வாங்கி அனுப்பவா என்று லண்டனில் இருக்கும் மச்சான் முன்பே கேட்டார். வேண்டாம் என்றேன். அனுமதி இல்லாமல் அதைத் தூக்கிக்கொண்டு கரையில் நடந்தால் புதையல் தோண்டுகிறவள் என்றுதான் பிடிப்பார்கள். புதையல் தோண்டிக் கைதானவர்களின் செய்திப் படங்களில் அந்த இயந்திரமும் அநேகமாகப் பக்கத்தில் இருக்கும். அதோடு, எங்கள் கரையின் கறுப்பு மணலில் இல்மனைட் இருக்கிறது. உப்புத் தண்ணீரும் அதுவும் சேர்ந்தால் சாதாரண இயந்திரம் சும்மா சும்மா கத்தும்.

இன்று அகப்பட்டவை: பத்து ரூபாய்க் குற்றிகள் ஏழு, ஊசிகள், கண்ணாடிக் காப்புத் துண்டுகள், ஒரு சைக்கிள் சாவி. கொடி இல்லை. தங்கம் மணலைப் போல ஆறு ஏழு மடங்கு பாரம். அலை அடிக்க அடிக்க, கீழே இறுகிய படை வரும்வரை இறங்கிக்கொண்டே போகும். கச்சான் காற்று வீசும் இந்தக் காலத்தில் கடலும் மணலைக் கொண்டுவந்து மேலே போடும். அக்காவுக்கு போன் எடுத்து உள்ளதைச் சொன்னேன்: இப்போதைக்குக் கஷ்டம், மாரியில் கடல் கரையைத் தின்னும்போது திரும்பப் பார்ப்பேன். அவர் "ம்" என்று மட்டும் சொன்னார்.

ஆகஸ்ட் 7, புதன்

கொடியைத் தேடிய இடத்தில் வேறொன்று. கரைவலை இழுக்கிற பக்கமாகக் கடைசி லேனில் ஒரு மோதிரம். வெள்ளி. ஆண் விரலுக்குரியது. சிவப்புக் கல்.

கொஞ்ச நேரம் கையில் வைத்து யோசித்தேன். எங்கள் ஆட்கள் மோதிரம் என்றால் பெரும்பாலும் பவுனில்தான் போடுவார்கள். முஸ்லிம் ஆண்கள் தங்கம் போடுவதில்லை, வெள்ளிதான். வலை இறங்கும் நேரம் அக்கரைப்பற்றிலிருந்து மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டிக்கொண்டு மீன் எடுக்க வருகிறவர்கள் அங்கேதான் நிற்பார்கள். மீன் அளைந்த கையைக் கடலில்தான் கழுவுவார்கள்.

மோதிரத்தில் இன்னொரு அடையாளமும் உண்டு. அதை இங்கே எழுதவில்லை. கோயிலிலும் சொல்லவில்லை. சொந்தக்காரர் வந்து தன் வாயால் சொல்லட்டும்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

கூடப் படித்த ஒருத்தி அக்கரைப்பற்றில் இருக்கிறாள். அவளுடைய வாப்பா என்னைப் பள்ளிவாசலுக்குக் கூட்டிப் போனார். மௌலவி பொறுமையாகக் கேட்டார். தொலைந்த பொருளை எடுத்தவர் முதலில் அதன் பையையும் பையின் கட்டையும் நன்றாக அறிந்து வைத்துக்கொண்டு, ஒரு வருடம் அறிவிக்க வேண்டும் என்று மார்க்கத்தில் இருக்கிறதாம். பையின் கட்டு என்றதும் எனக்கு உடம்பு ஒருமுறை சிலிர்த்தது. ஏன் என்று பிறகு எழுதுகிறேன்.

ஜும்ஆ முடிந்து அறிவித்தார்கள். "ஆண்கள் அணியும் மோதிரம்" என்று மட்டும். என்ன கல் என்று சொல்ல வேண்டாம் என்று நான் கேட்டிருந்தேன்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

மூன்று பேர் வந்தார்கள். முதல் தம்பி பச்சைக் கல் என்றார். இரண்டாமவர் சிவப்பு என்று சரியாகச் சொன்னார், ஆனால் அவருடையது போன வருடம் பொத்துவிலில் தொலைந்ததாம். பொய் சொல்ல வந்தவர் இல்லை. கிடைத்துவிடாதா என்ற ஆசை. அவரை வெறுங்கையோடு அனுப்ப மனம் கஷ்டப்பட்டது.

மூன்றாவதாக வந்த காக்காவுக்கு (முஸ்லிம் அண்ணன்மாரை அப்படித்தான் கூப்பிடுவோம்) அறுபது வயதிருக்கும். படலைக்கு வெளியே நின்றபடியே சொன்னார்: "சிவத்தக் கல்லு மகள். உள்ளுக்குக் கறுத்த நூல் சுத்தியிருக்கும்."

அந்த நூல்தான் நான் எழுதாமல் விட்டது. வளையத்தின் அடிப்பக்கம் தையல் நூலை நெருக்கமாகச் சுற்றி, முடிச்சை ஓரத்தில் மறைத்திருந்தார்கள். உப்பில் ஊறி அது கம்பி மாதிரி இறுகியிருந்தது. மோதிரம் அவருடைய வாப்பாவினுடையது. வாப்பாவுக்குக் கடைசிக் காலத்தில் விரல் மெலிந்து மோதிரம் கழன்று கழன்று விழ, உம்மா சுற்றிய நூல். மகனான இவருடைய விரலுக்கும் அது அளவாக இருந்ததால் அப்படியே விட்டுவிட்டாராம். உம்மாவும் இப்போது இல்லை.

வாங்கியதும் அவர் கல்லைப் பார்க்கவில்லை. திருப்பி நூலைத்தான் பார்த்தார். பெருவிரல் நகத்தால் முடிச்சைத் தொட்டு, "அவிழல்ல" என்றார்.

பணம் நீட்டினார், நான் வாங்கவில்லை. பின்னேரம் ஒரு பாரைக்குட்டி மீன் வீடு தேடி வந்தது. அதை வாங்கிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 12, திங்கள்

இரவு நித்திரை வரவில்லை. பழைய பால்மா டின் ஒன்றின் ஞாபகம்.

2008, மட்டக்களப்பு மாவட்டத்தில் வாகரைப் பக்கம். கண்ணிவெடி அகற்றும் வேலையில் இருந்தேன். சண்டையில் இடம்பெயர்ந்த சனம் வளவுகளுக்குத் திரும்பக் காத்திருந்த நேரம். ஜொனி என்ற மிதிவெடியின் பெட்டி மரத்தால் ஆனது. உள்ளே உலோகம் கொஞ்சம்தான். அதனால் டிடெக்டரை மிக நுணுக்கமாக வைத்திருப்போம். ஆணிக்கும் கத்தும், சோடா மூடிக்கும் கத்தும். எல்லாவற்றையும் ஜொனி என்று நினைத்துத்தான் தோண்ட வேண்டும். மேலேயிருந்து குத்தக் கூடாது. தள்ளியிருந்து தொடங்கி, பக்கவாட்டில் சுரண்டிச் சுரண்டி நெருங்க வேண்டும்.

அன்றைக்கு ஒரு அத்திவாரத்தின் மூலையில் பலமான சிக்னல். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் சுரண்டியபின் வட்டமான விளிம்பு தெரிந்தது. கையை எடுத்துவிட்டு மேற்பார்வையாளரைக் கூப்பிட்டேன். அவர் எங்களைத் தள்ளி நிற்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, பிறகுதான் வெளியே எடுத்தார். டின். வாயில் பொலித்தீனும் சைக்கிள் டியூப் றப்பரும். உள்ளே ஒரு சோடி குழந்தைக் கொலுசும், மடித்த காணிப் பெர்மிட்டும்.

பெர்மிட்டில் பெயர் இருந்ததால் கிராம சேவகர் இரண்டு நாளில் அந்த அம்மாவைக் கூட்டி வந்துவிட்டார். அவர் கொலுசைத் தூக்கி மடியில் போட்டுவிட்டு, "வாசி மனே" என்று பெர்மிட்டை என்னிடம் நீட்டினார். வடக்கு எல்லை, கிழக்கு எல்லை என்று வாசித்தேன். நான் சொல்லச் சொல்ல அந்தந்தத் திசையைத் திரும்பிப் பார்த்தார். வீடு இல்லை, வேலி இல்லை, எல்லை மட்டும் கடுதாசியில் இருந்தது. கொலுசுக்குரிய பேத்தியும் கூட வந்திருந்தாள். காலில் வைத்துப் பார்த்தார்கள், கொக்கி எட்டவில்லை.

2017இல் மட்டக்களப்பு மாவட்டத்தில் கண்ணிவெடி அகற்றி முடிந்துவிட்டது என்று அறிவித்தார்கள். அந்த வேலை எத்தனை வெடி எடுத்தோம் என்ற கணக்கில்தான் பேசப்படுகிறது. எனக்கு அந்த டின்னும் கணக்குத்தான்.

டிசம்பர் 26, வியாழன்

சுனாமி வந்து இருபது வருடம். காலையில் கரையில் விளக்கு வைத்தோம். 2004க்குப் பிறகு மணலில் எது அகப்பட்டாலும் மாமி வீட்டுக்குக் கொண்டுவர விடமாட்டார். யாருடைய கழுத்தில் கிடந்ததோ என்பார். கோயில் உண்டியலில் போட்டுவிடுவோம். அன்று கேட்டு வர ஆட்கள் இல்லாமல் போயிருந்தார்கள்.

இன்று வேறொன்றும் எழுத மனமில்லை.

2025 ஜனவரி 12, ஞாயிறு

நவம்பர் கடைசி வெள்ளத்துக்குப் பிறகு வாடைக் கடல் கரையை நன்றாகத் தின்றிருக்கிறது. நான் நட்ட கம்பு போய்விட்டது. தென்னை நிற்கிறது. அடி எண்ணி அதே இடத்துக்கு வந்தேன்.

ஒன்பது மணிபோல ஒரு மோட்டார் சைக்கிள். மண்டூர் அக்காவின் கணவர், தனியாக. போன கிழமை நான் போன் எடுத்துச் சொன்னதைக் கேட்டு வந்திருக்கிறார். அக்கா ஆகஸ்டிலிருந்து மஞ்சள் கயிறுதான். புதிதாகச் செய்வோம் என்றால் பவுன் விற்கிற விலையில் வேண்டாம் என்கிறாராம்.

கயிற்றின் மற்ற நுனியை அவரிடம் கொடுத்தேன். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு பிடித்தார். லேன் முடியாமல் அடுத்ததில் கால் வைக்க வேண்டாம் என்று சொல்லிக் கொடுத்தேன். ஒரு தரமும் பிசகவில்லை. மத்தியானத்துக்குள் நான்கு லேன் அரித்தோம். ஒரு வெள்ளி அரைஞாண் துண்டு, இரண்டு குற்றி. கொடி இல்லை.

"நான் வந்தத மனிசிக்குச் சொல்லிராதீங்க தங்கச்சி" என்றார். "திரும்ப எதிர்பார்க்கத் தொடங்கிரும்."

வருகிற ஞாயிறும் வருகிறாராம். கயிற்றை முழங்கையில் சுற்றி, மண் தட்டி, தன்னுடைய பெட்டிக்குள் வைத்துக்கொண்டு போனார்.